இன்னைக்கு எத்தனையாம் பாட்டு?

(கான்சாபுரத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



யூதர்கள் தங்கள் மறைநூலை வாரம் ஒரு பகுதியாகப் படிக்கும் வழக்கத்தைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும், அழைக்க வந்த நண்பர் சற்றுத் தயங்கினார். "ஐயா, நம்ம ஊருக்கும் அதுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று கேட்டார். அவருக்கு அன்றைக்குச் சொல்லாத பதிலை இங்கே சொல்கிறேன். என் பாட்டியிடமிருந்து தொடங்குகிறேன்.

பாட்டி பள்ளிக்கூடம் போனதில்லை. மற்ற மாதங்களில் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரைக் கிழிக்கச் சொல்லி எங்களிடம் தேதி கேட்பார். மார்கழி பிறந்துவிட்டால் அந்தக் கேள்வி மாறிவிடும். "இன்னைக்கு எத்தனையாம் பாட்டுடா?" என்பார். விடியுமுன்பே தெருக்கோயில் குழாயில் நாளுக்கொரு பாசுரமாகத் திருப்பாவை கேட்கும். அன்றைய பாசுரம் எது என்று தெரிந்தால் மார்கழியில் எத்தனை நாள் போனது, பொங்கலுக்கு எத்தனை நாள் இருக்கிறது, வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு எப்போது வாங்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்துவிடும். பையன்களாகிய எங்கள் கணக்கு வேறு. சுடச்சுட வெண்பொங்கல் வாங்கத்தான் கோயிலுக்கு ஓடினோம். இருபத்தேழாம் நாள் கூடாரவல்லி. அன்றைக்கு முழங்கை வரை நெய் வழியும் அக்காரவடிசல் கிடைக்கும் என்பதால் அந்த நாளை மட்டும் விரல்விட்டு எண்ணிக் காத்திருப்போம்.

ஒருநாள் பாட்டியிடம் ஒரு பாசுரத்துக்குப் பொருள் கேட்டேன். "அதெல்லாம் பாடுறவங்களுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டார். ஆனால் யாராவது தப்பித் தவறி நாளைய பாசுரத்தை இன்றைக்குத் தொடங்கிவிட்டால், கோலமாவுக் கிண்ணத்தை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்.

அவருக்குத் திருப்பாவை தெரியுமா, தெரியாதா? இந்தக் கேள்விதான் இன்றைய சொற்பொழிவு.

ஐம்பத்துநான்கு பகுதிகள்

யூதர்களின் மறைநூலில் முதலிடம் தோராவுக்கு. மோசேயின் பெயரால் வழங்கும் ஐந்து நூல்களின் தொகுதி அது. நம் ஊர்க் கிறிஸ்தவ நண்பர்கள் வைத்திருக்கும் பைபிளில் ஆதியாகமம் தொடங்கி உபாகமம் வரை உள்ள முதல் ஐந்து நூல்கள்தாம் அவை. இந்த ஐந்தையும் 54 பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு பகுதிக்குப் பராஷா என்று பெயர். சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வுநாள். சனிதோறும் தொழுகைக்கூடத்தில் ஒரு பராஷாவைத் தோல்சுருளிலிருந்து இசையோடு ஓதுவார்கள். இந்த வாரம் நியூயார்க்கில் எதுவோ, காசாபிளாங்காவிலும் அதுதான்.

பழங்காலத்தில் பாலஸ்தீன யூதர்கள் ஏறக்குறைய மூன்றாண்டுகளில் ஒரு சுற்று முடித்தார்கள். பாபிலோனிய யூதர்கள் ஓராண்டில் முடித்தார்கள். காலப்போக்கில் பாபிலோனிய முறையே எங்கும் நிலைத்தது. ஒரு விசேஷம் உண்டு. இஸ்ரேலுக்கு வெளியே சில பண்டிகைகளை ஒருநாள் கூட்டிக் கொண்டாடுவதால், சில ஆண்டுகளில் இஸ்ரேல் ஒரு பகுதி முன்னே ஓடும், வெளிநாட்டார் சில வாரங்கள் பின்தங்கி வந்து பிறகு சேர்ந்துகொள்வார்கள். வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் வைத்துக்கொண்டு ஒரே பண்டிகையை இரண்டு நாள் கொண்டாடும் நமக்கு இது புதிதல்ல.

அவர்களுடைய ஆண்டு நிலவு மாதங்களால் ஆனது. 19 ஆண்டுகளில் 7 ஆண்டுகளுக்குப் பதின்மூன்று மாதங்கள். சாதாரண ஆண்டில் சனிக்கிழமைகள் போதா, அவற்றிலும் சில பண்டிகைக்குப் போய்விடும். அதற்காக ஏழு இணைகளை ஒதுக்கிவைத்திருக்கிறார்கள். தேவைப்படும் ஆண்டில் ஓர் இணையின் இரண்டு பகுதிகளையும் ஒரே வாரத்தில் படித்துவிடுவார்கள். மார்கழிக்கும் இதே சங்கடம் உண்டு. பாசுரம் முப்பது. மாதம் சில ஆண்டு முப்பது நாள், பல ஆண்டுகளில் இருபத்தொன்பதே நாள். அப்போது எங்காவது இரண்டைச் சேர்த்தாக வேண்டும்.

தொடக்கச் சொல்லே பெயர்

ஐம்பத்துநான்கு பகுதிகளுக்கும் பெயர் உண்டு. பொருளைப் பார்த்து வைத்த பெயர்கள் அல்ல. பகுதியின் தொடக்கத்தில் வரும் முக்கியமான ஒரு சொல்லை எடுத்துப் பெயராக்கிவிடுவார்கள். முதல் பகுதி பெரேஷித், இரண்டாவது நோவா, மூன்றாவது லெக் லெகா. ஐந்து நூல்களுக்குமே அவர்கள் வழங்கும் பெயர்கள் அப்படித்தான். பொருள் பார்த்துப் பெயர் வைத்தவர்கள் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள். தமிழ் பைபிள் அந்த வழியைப் பின்பற்றியது.

தொடக்கச் சொல்லைப் பெயராக்கும் வழக்கம் நம் கைக்குப் பழகியதுதான். ஒளவையாரின் ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் கடவுள் வாழ்த்தின் முதற்சொற்களால் பெயர் பெற்றவை. மதுரகவியாழ்வார் பாடிய கண்ணிநுண்சிறுத்தாம்பு, திருப்பாணாழ்வார் பாடிய அமலனாதிபிரான் இரண்டும் அப்படியே. கூடாரவல்லி என்று ஒரு நாளுக்கே பெயர் வந்ததும் அன்றைய பாசுரத்தின் முதற்சொல்லால்தான். இப்படிப் பெயர் வைப்பதற்குள் ஒரு நம்பிக்கை இருக்கிறது. முதற்சொல்லைச் சொன்னால் மீதி கேட்பவர் மனத்தில் தானே ஓடும் என்று நம்புகிற சமூகம்தான் இப்படிப் பெயர் வைக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று அட்டையில் எழுதுவது, திறந்து பார்த்திராதவருக்காக.

பெயர் நிலைத்துவிட்டால் அது நாள்காட்டியாகிவிடும். ரப்பிகள் எனப்படும் பழைய யூத குருமார்களின் கடிதங்களில் இன்ன பராஷா வாரத்தில் இன்ன கிழமை என்று நாள் குறித்திருப்பார்கள். மாதமும் தேதியும் சொல்ல வேண்டியதில்லை, பெறுபவருக்கு விளங்கும். பதின்மூன்று வயதில் யூதச் சிறுவனுக்கு பார் மிட்ஸ்வா என்னும் சடங்கு நடக்கும். பல குடும்பங்களில் அந்த வாரப் பகுதியை, அல்லது அதில் ஒரு பங்கை, அவன் சபை நடுவே ஓதுவான். மாதக்கணக்கில் பயிற்சி எடுத்திருப்பான். அதன்பின் தொழுகைக்கூடத்தின் பக்கமே போகாத ஒருவரிடம் அறுபது வயதில் கேட்டாலும் 'என் பராஷா இது' என்று சொல்லிவிடுவார். 'கூடாரவல்லிக்கு மறுநாள் பிறந்தவன்' என்று நம் வீட்டில் சொல்வதைப்போல.

இதற்காக எல்லா யூதருக்கும் இந்த வாரப் பகுதி தெரியும் என்று எண்ணிவிடக் கூடாது. வைதிக யூதர்களில் பலர் அந்த வாரத்துக்குள் மூலத்தை இருமுறையும், அரமேய மொழிபெயர்ப்பை ஒருமுறையும் தனியே படித்து முடிப்பார்கள். யூதச் சட்ட விளக்கத் தொகுப்பான தால்முது வகுத்த கடமை அது. எபிரேயம் பேச்சுவழக்கில் மங்கியபோது அரமேயம் கைகொடுத்தது. அதற்கு ஈடாகப் பதினோராம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த ராஷியின் உரையைப் படிப்பவர்களும் உண்டு. இவர்களுக்கு அடுத்த படியில், வெள்ளி இரவு விருந்தில் அந்தப் பகுதியைப் பற்றி யாராவது நாலு வார்த்தை சொல்லக் கேட்பவர்கள். அதற்கும் அடுத்த படியில், இஸ்ரேலில் வெள்ளிக்கிழமை பள்ளியில் கேட்ட கதையை மட்டும் நினைவில் வைத்திருப்பவர்கள். பெயர்கூடத் தெரியாதவர்களும் ஏராளம். ஒரே நூலோடு ஒரே சமூகத்துக்கு இத்தனை தூரத்தில் உறவு.

என் பாட்டி எந்தப் படியில் நிற்கிறார்? பொருள் தெரியாது. வரிசை தெரியும், பிழை தெரியும். தெரிந்திருப்பது ஒன்று, பழகியிருப்பது இன்னொன்று. அவர் திருப்பாவையோடு பழகியவர்.

முன்பே தெரிந்தவர் படிக்கும் ஏடு

தோராச் சுருள் தோலில் கையால் எழுதப்படுவது. மரபுக் கணக்குப்படி அதில் 3,04,805 எழுத்துகள். அவற்றில் உயிரொலிக் குறிகள் கிடையா. நிறுத்தக் குறிகளும் இசைக் குறிகளும் கிடையா. மெய்யெழுத்துகளின் வரிசையை மட்டும் பார்த்து, எந்த உயிர் எங்கே சேரும், எந்தச் சொல்லை எந்தப் பண்ணில் நீட்ட வேண்டும் என்று ஓதுபவர் அறிந்திருக்க வேண்டும். குறிகள் எல்லாம் உள்ள அச்சு நூலை வைத்துக்கொண்டு வாரம் முழுக்கப் பழகிவிட்டுச் சனிக்கிழமை சுருளின் முன் நிற்பார். விரல் படக் கூடாது என்பதால் சிறு கைவடிவம் கொண்ட வெள்ளிக்கோலால் வரியைத் தொடர்வார். ஒரு சொல்லைப் பொருள் மாறத் தவறாக ஓதினால் சபையிலிருந்து உடனே குரல் எழும், அவர் திரும்ப ஓதுவார்.

இதைப் படித்தபோது எனக்கு நம் ஓலைச்சுவடிகள் நினைவுக்கு வந்தன. நான் தமிழாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன், அதனால் வந்த நினைவு. நம் சுவடிகளிலும் மெய்க்குப் புள்ளி இராது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வேறுபாடு தெரியாது. ரகரமும் காலும் ஒன்றுபோல் இருக்கும். வரி எங்கே முடிகிறது, அடி எங்கே தொடங்குகிறது என்பதற்கும் அடையாளம் இல்லை. 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட்ட உ.வே. சாமிநாதையர் பட்ட பாடு இதனால்தான். புலவர்களிடையே பாடம் சொல்லும் தொடர்ச்சி பெரும்பாலும் அறுந்துபோன நூல் அவர் கைக்கு வந்தது. தொடர்ச்சி அறாத நூலுக்கு இந்தத் தொல்லை குறைவு. ஏடு மறந்ததை வாய் சொல்லும், வாய் தடுமாறினால் ஏடு திருத்தும்.

ஆழ்வார்களின் நாலாயிரம் பெருமளவுக்கு அப்படி வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஸ்ரீரங்கத்திலும் ஆழ்வார்திருநகரியிலும் அரையர்கள் இன்றும் பாசுரத்தை இசைத்து அபிநயிக்கிறார்கள். பகல் பத்து, இராப் பத்து என்று நாள் பிரித்து நாலாயிரத்தையும் ஓதி முடிக்கிறார்கள். கோஷ்டியில் ஒருவர் சொல் தவறினால் பக்கத்தில் இருப்பவர் குரல் தாங்கிக்கொள்ளும். உரைகளும் அப்படியே அடுக்கடுக்காக வளர்ந்தன. முப்பதே பாசுரம் உள்ள திருப்பாவைக்குப் பெரியவாச்சான் பிள்ளை மூவாயிரப்படியும், அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் ஆறாயிரப்படியும் எழுதினார்கள். படி என்பது முப்பத்திரண்டு எழுத்து. உரையையே எழுத்தெண்ணி அளந்த நம் ஆசாரியர்களும், சுருளின் எழுத்தை எண்ணிவைத்த அந்த எழுத்தர்களும் சந்தித்திருந்தால் பேச நிறைய இருந்திருக்கும்.

முறை என்னும் சொல்

முறை என்று தமிழில் ஒரு சொல் இருக்கிறது. வரிசை என்று பொருள், தடவை என்று பொருள், உறவு என்று பொருள், நீதி என்றும் பொருள். சைவர்கள் தம் நூலைத் திருமுறை என்றார்கள். வைணவர்கள் ஓதி நிறைவு செய்வதைச் சாற்றுமுறை என்றார்கள். யூதரின் வழக்கத்தை விளக்க இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

சனிக்கிழமை ஓதும்போது ஏழு பேரை முறைவைத்து மேடைக்கு அழைப்பார்கள். முதல் அழைப்பு தலைமைக் குருவான ஆரோனின் வழிவந்த கோஹென் மரபினருக்கு, அடுத்தது ஆலயப் பணிக்குரிய லேவியருக்கு, பிறகு மற்றவர்க்கு. முதல் மரியாதைக்காகத் தேர் நின்றுபோன ஊர்களைப் பார்த்த நமக்கு, இந்த வரிசையை ஏன் முன்கூட்டியே வகுத்து வைத்தார்கள் என்பது புரியும். சனியோடு நில்லாமல் திங்களும் வியாழனும்கூடச் சிறிது ஓதுவார்கள். கிராமத்தார் சந்தைக்கு வரும் நாள்கள் அவை என்பது மரபான விளக்கம். தால்முது இன்னொரு காரணமும் சொல்கிறது. தோரா தண்ணீரைப் போன்றது, மூன்று நாள் அதில்லாமல் இருந்தால் மக்கள் தளர்ந்துவிடுவார்கள் என்பது. கண்மாய் வற்றினால் என்ன ஆகும் என்று அறிந்த ஊரில் இதற்கு உரை வேண்டாம்.

ஆண்டுச் சுற்று முடியும் நாள் சிம்ஹத் தோரா. சுருளைச் சுமந்துகொண்டு ஆடிப் பாடிச் சுற்றிவருவார்கள். உபாகமத்தின் கடைசி வரியை ஓதியதும் நிறுத்த மாட்டார்கள், அங்கேயே ஆதியாகமத்தின் தொடக்கத்தை ஓதுவார்கள். தோராவின் கடைசி எழுத்து லாமெத், முதல் எழுத்து பேத். கடைசியையும் முதலையும் சேர்த்தால் எபிரேயத்தில் நெஞ்சம் என்னும் சொல் வரும் என்று அவர்கள் சொல்லி மகிழ்வதுண்டு. நம் யாப்பில் அந்தாதியின் முடிவு அதன் முதற்சொல்லிலேயே போய்ச் சேர்வதை மண்டலித்தல் என்பார்கள். ஒரு சமூகமே ஆண்டுதோறும் மண்டலிக்கிறது.

கொச்சியும் கொங்கணமும்

இனி மலைக்கு அந்தப் பக்கம் போவோம். கேரளத்து யூதர்களிடம் ஒரு செப்பேடு இருக்கிறது. ஏறக்குறைய கி.பி. 1000இல் சேரமன்னர் பாஸ்கர ரவிவர்மர், ஜோசப் ரப்பான் என்னும் யூதத் தலைவருக்கு அஞ்சுவண்ணம் என்னும் வணிகக் குழு உரிமையையும் வேறு எழுபத்திரண்டு உரிமைகளையும் வழங்கியதை அது சொல்கிறது. எழுத்து வட்டெழுத்து. மொழி, நம் காதுக்கு அந்நியமாகாத பழைய மலைநாட்டு மொழி.

கொச்சி மட்டாஞ்சேரியில் 1568இல் எழுந்த பரதேசி யூதப்பள்ளி என்னும் தொழுகைக்கூடத்துக்குச் சில ஆண்டுகளுக்கு முன் போயிருந்தேன். செருப்பை வாசலில் விட்டுத்தான் உள்ளே போக வேண்டும். காலடியில் நீலநிறச் சீன ஓடுகள். நடுவில் பித்தளைக் கிராதியிட்ட மேடை. அண்ணாந்து பார்த்தால் மாடியில், பெண்கள் அமரும் பகுதிக்கு முன்னால், இன்னொரு மேடை. கேரளத்து யூதப்பள்ளிகளின் தனித்தன்மை இது. ஓய்வுநாளிலும் பண்டிகையிலும் தோராவை மேலிருந்து ஓதிவந்தார்கள். பெண்கள் ஓதியதில்லை, ஆனால் ஓதும் குரல் அவர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அந்தப் பெண்கள் பைபிள் கதைகளை மலையாளப் பாட்டாகக் கட்டி, நோட்டுப் புத்தகங்களில் எழுதிவைத்துத் தலைமுறை தலைமுறையாகப் பாடிவந்தார்கள்.

அதே பள்ளியில் வேறொரு கதையும் உண்டு. விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தவர்கள் என்று ஒரு பிரிவாரை ஒதுக்கிவைத்திருந்தார்கள். அவர்கள் பின்னால்தான் உட்கார வேண்டும். தோரா ஓத அவர்களை அழைப்பதில்லை. நூல் தெரியும், பண் தெரியும், முறை மட்டும் கிடையாது. அந்தப் பிரிவில் 1882இல் பிறந்தவர் ஆபிரகாம் பராக் சேலம். சென்னையில் சட்டம் படித்தவர், காந்தியவாதி, யூத காந்தி என்றே பெயர் பெற்றவர். தம் பள்ளிக்குள்ளேயே சத்தியாகிரகம் நடத்தினார். படிப்படியாகத் தடைகள் விழுந்தன. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் 1939 ஜூலை 8 அன்று, அதுவரை விலக்கப்பட்டிருந்தவர்களை அழைத்துச் சென்று ஆலயப் பிரவேசம் நடத்திய காலத்தை ஒட்டியது இது. முறைக்கு நீதி என்னும் பொருள் வெறும் நிகண்டுப் பொருள் அன்று என்பதற்காகச் சொன்னேன்.

1948இல் இஸ்ரேல் பிறந்தது. 1950களில் கேரளத்து யூதர்களில் பெரும்பாலோர் புறப்பட்டுவிட்டார்கள். தோராவைச் சபையில் ஓத வைதிக மரபில் பத்து ஆண்கள் கூடியாக வேண்டும். மட்டாஞ்சேரியில் உள்ளூர்க்காரர் பத்துப் பேர் தேறாத காலம் வந்தது. சுற்றுலா வந்த யூதர்களைச் சேர்த்துப் பத்தாக்கினார்கள். பக்கத்துக் கடவும்பாகம் பள்ளியின் மரவேலைப்பாடுள்ள உட்புறத்தை இன்று எருசலேமில் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். அங்கே மேடை இருக்கிறது, ஏழாமவரை அழைக்கும் குரல் இல்லை.

இதற்கு நேர்மாறான கதை கொங்கணக் கரையில் நடந்தது. மராட்டியம் பேசும் பெனே இஸ்ரேல் யூதர்களிடம் நெடுங்காலம் தோராச் சுருளே இல்லை. எபிரேயம் ஏறக்குறைய மறந்துபோயிற்று. செக்கு ஆட்டி எண்ணெய் விற்றுப் பிழைத்தவர்கள். சனிக்கிழமை மட்டும் செக்கு ஓடாது. ஊரார் அவர்களைச் 'சனிவார் தேலி', சனிக்கிழமை வாணியர் என்று அழைத்தார்கள். ஏடு போனபிறகும் நாளைக் கைவிடவில்லை. பிற்காலத்தில் கொச்சியிலிருந்து போன யூத ஆசிரியர்கள் ஓதக் கற்றுக்கொடுத்தபோது, அந்தச் சனிக்கிழமைகள் காலியாகக் காத்திருந்தன. 1796இல் பம்பாயில் அவர்களுடைய முதல் தொழுகைக்கூடம் எழுந்தது.

கொச்சியில் ஏடு இருந்தது, நாள் இருந்தது, கூட்டம் கலைந்தது. கொங்கணத்தில் ஏடு இல்லை, நாளும் கூட்டமும் இருந்தன. ஓதல் எங்கே நின்றது, எங்கே மறுபடி முளைத்தது என்று பார்த்தால், நூலைக் காப்பாற்றுவது எது என்பதை நானாகச் சொல்ல வேண்டியதில்லை. நன்கு கற்றவர் பத்துப் பேர் பத்து ஊரில் தனித்தனியே படிப்பதைவிட, அரைகுறையாகத் தெரிந்த பத்துப் பேர் ஒரே நாளில் ஒரே பகுதிக்குக் கூடுவது நூலுக்கு வலு. அந்த அரைகுறைக் கூட்டத்தில்தான் என் பாட்டியும் இருந்தார். பொங்கலுக்காக ஓடிய நாங்களும் இருந்தோம்.

ஒரு வேண்டுகோள்

அறக்கட்டளைச் சொற்பொழிவு ஆண்டுக்கொரு முறை வரும். கேட்டுக் கைதட்டிக் கலைவோம். அதனால் ஒரு சிறு வேண்டுகோளோடு முடிக்கிறேன்.

திருக்குறளில் 133 அதிகாரங்கள். வாரம் ஒன்று என்று வைத்தால் இரண்டு ஆண்டும் இருபத்தொன்பது வாரமும் ஆகும். பிறகு மறுபடி முதல் அதிகாரம். எந்தச் சமயத்தாரும் உட்காரலாம், பெண்கள் மாடியில் அமர வேண்டியதில்லை, அழைக்கும் வரிசையில் சாதி பார்க்க வேண்டியதில்லை. ஒரு கிழமை, ஒரு நேரம், பத்தே குறள். ஆளுக்கு ஒன்றாகப் பத்துப் பேருக்கு முறை வரும். தவறாகப் படித்தால் திருத்தலாம், சிரிக்கக் கூடாது. பொருள் தெரியாதவர் சும்மா கேட்டுக்கொண்டிருக்கலாம், அவருக்கும் இடம் உண்டு. இடையில் ஒரு வாரம் விட்டுப்போனால் அடுத்த வாரம் இரண்டைச் சேர்த்துவிடலாம், அதற்கு வழி முன்னோரே காட்டியிருக்கிறார்கள். முடிந்தால் சுண்டல் கொடுங்கள். பிள்ளைகள் எதற்காக வந்தாலும் வரட்டும்.

எந்தக் கிழமை, எந்த இடம் என்பதை இன்றைக்கே பேசி முடித்துவிட்டுக் கலையுங்கள். முதலில் யாரை அழைப்பது என்று பேச்சு வந்தால், முன்வரிசையில் பள்ளிப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருக்கிறார்களே, அங்கிருந்து தொடங்குங்கள்.